இரும்பு பறக்குமா?

வானத்தில் ஒரு சத்தம்

கொழிஞ்சாம்பாறை பாலக்காடு மாவட்டத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டு எல்லை பக்கத்தில்தான். இங்கே தமிழ் பேசுவோர் அதிகம். தென்னந்தோப்பும் வயலும் நிறைந்த ஊர்.

ஒரு நாள் காலை. அம்மாயி வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். திடீரென்று இடி போல ஒரு சத்தம் கேட்டது. அம்மாயி முறத்தைக் கீழே வைத்தார். நிமிர்ந்து பார்த்தார். ஒரு போர் விமானம் பறந்தது. கண் மூடித் திறப்பதற்குள் மறைந்துவிட்டது.

"அம்மாடி! அத்தனை இரும்பு எப்படித்தான் பறக்குதோ?" என்றார்.

அம்மாயிக்குச் சொந்த ஊர் மறையூர். அது இடுக்கி மாவட்டத்தில் மலைமேல் இருக்கும் ஊர். கரும்புக்கும் வெல்லத்துக்கும் பெயர் பெற்றது. மறையூர் வெல்லத்துக்கு 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. அம்மாயி பல வருடம் கரும்பாலையில் வேலை செய்தவர். பாகு காய்ச்சுவதில் கைதேர்ந்தவர். சின்னாறு, உடுமலை, பொள்ளாச்சி வழியாகப் பஸ் ஏறி மகள் வீட்டுக்கு வந்திருந்தார்.

அந்த வீட்டில் அப்பா, அம்மா, மகள், மகன் என நான்கு பேர். அப்பா பம்ப் செட் மெக்கானிக். அம்மா குடும்பஸ்ரீ குழுவில் இருக்கிறார். மகன் ஐந்தாம் வகுப்பு. மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டாள். அவளுக்கு ஐ.டி.ஐ.யில் சேர ஆசை. அதிலும் ஃபிட்டர் படிப்பு. இரும்பை அளந்து, அறுத்து, அரத்தால் தேய்த்து, சரியாகப் பொருத்தும் வேலை அது.

அம்மாயிக்கு அது பிடிக்கவில்லை.

"பொம்பளப் புள்ள கையில அரமும் சுத்தியலுமா? ஊரு என்ன பேசும்?" என்றார்.

அப்பாவுக்கும் மனம் ஒரு நிலையில் இல்லை. "பார்க்கலாம்" என்று சொல்லி நிறுத்திவிட்டார். விண்ணப்பப் படிவம் அலமாரியில் அப்படியே கிடந்தது.

பெங்களூருக்குப் பயணம்

அப்பாவின் தங்கை பெங்களூரில் இருக்கிறார். புது வீட்டில் பால் காய்ச்சுவதாகச் சொல்லி அனுப்பினார். எல்லோரும் வேனில் புறப்பட்டார்கள். காலை 4 மணிக்கே வண்டி கிளம்பியது. சுமார் 400 கிலோமீட்டர் தூரம்.

வேலந்தாவளம் தாண்டினால் தமிழ்நாடு. கோயம்புத்தூர் புறவழிச் சாலையில் வண்டி திரும்பியது. பொழுது விடிந்தது.

"அப்பா, சூலூர் இங்கேதானே?" என்று மகன் கேட்டான்.

"ஆமாம். கிழக்கே இருக்கு. அங்கே விமானப்படைத் தளம் இருக்கு. நம்ம ஊருக்கு மேலே பறக்கிற விமானம் அங்கிருந்து வர்றதுதான்."

மகள் சொன்னாள்: "அதுக்கு தேஜஸ்னு பேரு. நம்ம நாட்டில் செஞ்ச போர் விமானம். 2018இல் முதல் தேஜஸ் அணி சூலூருக்கு வந்தது. 2020இல் இரண்டாவது அணி அங்கேயே தொடங்கினாங்க."

"நம்ம நாட்டில் எங்கே செஞ்சாங்க?" என்று அம்மா கேட்டார்.

"பெங்களூரில்தான் அம்மா. ஹெச்.ஏ.எல். என்ற கம்பெனி. அரசாங்கக் கம்பெனி. அங்கே ஒரு அருங்காட்சியகமும் இருக்கு. பழைய விமானமெல்லாம் நிறுத்தி வச்சிருக்காங்களாம். போகிற வழியில் பார்க்கலாமா அப்பா?"

அப்பா கொஞ்சம் யோசித்தார். பால் காய்ச்சுவது மறுநாள் காலையில்தான். நேரம் இருந்தது.

"சரி, பார்க்கலாம்" என்றார்.

அருங்காட்சியகம் என்றால் என்ன? பழைய பொருள்களைக் காத்து வைத்து, மக்களுக்குக் காட்டும் இடம். அங்கே பொருளும் இருக்கும். அதன் கதையும் எழுதியிருக்கும்.

முறமும் காற்றும்

சேலம் தாண்டி ஒரு கடையில் வண்டி நின்றது. கட்டிக்கொண்டு வந்த இட்லியைச் சாப்பிட்டார்கள். அம்மாயி பழைய கேள்வியை மறக்கவில்லை.

"ஏங்கண்ணு, இரும்பு எப்படிப் பறக்குது?"

மகள் சிரித்தாள். "முதலில் ஒன்னு சொல்றேன் அம்மாயி. விமானத்தின் உடம்பில் பெரும்பகுதி இரும்பு இல்லை. அலுமினியம் கலந்த உலோகம். நம்ம வீட்டு இட்லிப் பானை மாதிரி. இரும்பைவிட எடை குறைவு."

"அலுமினியப் பானை மட்டும் பறக்குமா?"

"பறக்காது. நான் ஒன்னு கேட்கிறேன். ஆடி மாசக் காற்றில் முறத்தைக் கொஞ்சம் சாய்ச்சுப் பிடிச்சா என்ன ஆகும்?"

"கையை விட்டே கிளம்பிடும்" என்றார் அம்மாயி உடனே.

"அதேதான்."

பாலக்காட்டில் இருப்பவர்களுக்குக் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலை நீண்ட சுவர் போல நிற்கிறது. பாலக்காட்டில் மட்டும் அந்தச் சுவரில் ஒரு பெரிய வாசல். சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு மலை விலகி நிற்கிறது. அந்த வாசல் வழியாகக் காற்று பாய்ந்து வரும். உடுமலைப் பக்கம் காற்றாலைகள் சுற்றுவதும் அந்தக் காற்றால்தான்.

முறம் சாய்வாக இருக்கும்போது காற்றைக் கீழே தள்ளுகிறது. காற்று முறத்தை மேலே தள்ளுகிறது. விமானத்தின் இறக்கையும் அப்படித்தான். இறக்கையின் மேல்பக்கம் வளைந்திருக்கும். இறக்கையைத் தாண்டும் காற்று கீழ்நோக்கித் திரும்பும். அப்போது இறக்கைக்கு மேலே காற்றின் அழுத்தம் குறைகிறது. கீழே அழுத்தம் கூடுகிறது. இறக்கை மேலே எழும்புகிறது.

"சரி. காற்று வீசாத நாளில் என்ன செய்யும்?" என்றார் அம்மாயி.

நல்ல கேள்வி. முறத்துக்குக் காற்று வந்து மோதுகிறது. விமானமோ தானே ஓடிப்போய்க் காற்றில் மோதுகிறது. அதற்கு வேகம் வேண்டும். வேகம் கொடுப்பது இன்ஜின். வேகம் இல்லாவிட்டால் இறக்கைக்கு வேலை இல்லை.

"அப்போ எல்லாம் இன்ஜினில்தான் இருக்கு" என்றார் அப்பா. மெக்கானிக் அல்லவா? அவருக்கு அது உடனே பிடித்துவிட்டது.

சைக்கிள் கடையில் பிறந்த விமானம்

தொப்பூர் கணவாயில் வண்டி மெல்ல ஏறியது. மகள் ரைட் சகோதரர்களின் கதையைச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

அமெரிக்காவில் அண்ணன் தம்பி இருவர். வில்பர் ரைட், ஆர்வில் ரைட். இருவரும் சைக்கிள் கடை வைத்திருந்தார்கள். மனிதன் பறக்க முடியும் என்று நம்பினார்கள். இறக்கையைச் செய்துவிட்டார்கள். ஆனால் எடை குறைந்த இன்ஜின் கிடைக்கவில்லை. பல கம்பெனிகளுக்குக் கடிதம் எழுதினார்கள். அவர்கள் கேட்டபடி செய்து கொடுக்க யாரும் முன்வரவில்லை.

அவர்கள் கடையில் சார்லி டெய்லர் என்ற மெக்கானிக் வேலை பார்த்தார். "நாமே செய்துவிடலாம்" என்று இறங்கினார்கள். கடையில் இருந்த கருவிகள் குறைவு. ஒரு லேத் இருந்தது. ஒரு துளை போடும் இயந்திரம் இருந்தது. சுமார் 6 வாரத்தில் இன்ஜின் தயார். சுமார் 12 குதிரைச் சக்தி.

1903ஆம் ஆண்டு டிசம்பர் 17. அந்த விமானம் பறந்தது. முதல் முறை 12 விநாடிதான் வானத்தில் இருந்தது. 120 அடி தூரம் போனது. ஒரு சின்னத் தென்னந்தோப்பின் நீளம்கூட இல்லை. ஆனால் உலகம் மாறிவிட்டது.

"12 குதிரைச் சக்தியா? நம்ம ஊர்ல அதைவிடப் பெரிய மோட்டாரை நான் பிரிச்சுப் பூட்டியிருக்கேன்" என்றார் அப்பா. முகத்தில் ஒரு பெருமை.

"நம்ம நாட்டிலும் அந்தக் காலத்தில் விமானம் பறந்ததா?" என்று அம்மா கேட்டார்.

1911ஆம் ஆண்டு பிப்ரவரி 18. அலகாபாத்தில் ஒரு சின்ன விமானம் பறந்தது. யமுனை ஆற்றைத் தாண்டி நைனி என்ற ஊரில் இறங்கியது. அது சுமந்து சென்றது என்ன தெரியுமா? சுமார் 6,500 கடிதங்கள். அதிகாரபூர்வமாக விமானத்தில் போன முதல் தபால் அதுதான்.

"ஆளுக்கு முன்னாலே எழுத்து போயிருக்கு" என்றார் அம்மாயி. அவர் மறையூரில் எழுத்தறிவு வகுப்புக்குப் போய்ப் படித்தவர். படிக்கத் தொடங்கி இரண்டு வருடம்தான் ஆகிறது.

எண்கள் பேசின

கிருஷ்ணகிரி, ஓசூர் கடந்து பெங்களூர் வந்தது. மதியம் ஆகிவிட்டது. பழைய விமான நிலையச் சாலையில் அந்த அருங்காட்சியகம் இருக்கிறது. 2001ஆம் ஆண்டு திறக்கப்பட்டது.

உள்ளே மரங்களும் புல்தரையும். புல்தரையில் விமானங்கள் நின்றன. மகன் ஓட்டமாக ஓடினான்.

"தொடாதே கண்ணு!" என்று அம்மா கூப்பிட்டார்.

ஒவ்வொரு விமானத்தின் பக்கத்திலும் ஒரு பலகை. அம்மாயி ஒரு பலகை முன்னால் நின்றார். ஆங்கில எழுத்து. அவருக்குப் புரியவில்லை. ஆனால் எண்களைப் படிக்க முடிந்தது. எண் எல்லா ஊரிலும் ஒன்றுதானே?

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது" என்று எழுத்துக்கூட்டிப் படிப்பது போலப் படித்தார். "1940இல் என்ன கண்ணு நடந்தது?"

மகள் படித்துச் சொன்னாள்.

1940ஆம் ஆண்டு டிசம்பரில் இந்தக் கம்பெனி தொடங்கியது. தொடங்கியவர் வால்சந்த் ஹீராசந்த் என்ற தொழிலதிபர். மைசூர் அரசு நிலம் கொடுத்தது. பணமும் போட்டது. அப்போது இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. போரில் அடிபட்ட விமானங்கள் இங்கே பழுது பார்க்க வந்தன. நம் நாட்டுத் தொழிலாளர்கள் அவற்றைப் பிரித்தார்கள். பூட்டினார்கள். பிரித்துப் பூட்டியே தொழில் கற்றார்கள்.

"பழுது பார்த்துத்தான் எல்லாருமே தொழில் கத்துக்கிறோம்" என்றார் அப்பா.

சுதந்திரம் வந்தது. பழுது பார்த்தவர்கள் சொந்தமாக ஒரு விமானம் செய்தார்கள். அதன் பெயர் ஹெச்.டி.-2. விமானம் ஓட்டக் கற்றுக்கொள்பவர்களுக்கான சின்ன விமானம். கட்டகே என்ற பொறியாளரின் தலைமையில் வரைந்தார்கள். 1951ஆம் ஆண்டு ஆகஸ்டில் முதல் முறை பறந்தது. பல வருடம் நம் விமானிகள் அதில்தான் ஓட்டக் கற்றார்கள்.

உடம்பு உண்டு, பலம் போதவில்லை

அடுத்து ஒரு விமானம். நீளமான மூக்கு. பின்னால் சாய்ந்த இறக்கை. பார்க்க அழகாக இருந்தது.

அம்மாயி பலகையைப் பார்த்தார். "1961" என்று படித்தார். "அட, நான் பிறந்த வருஷம்!"

அதன் பெயர் மாருத். காற்று என்று பொருள். இந்தியாவில் வடிவமைத்துச் செய்த முதல் ஜெட் போர் விமானம் அதுதான். குர்ட் டாங்க் என்ற ஜெர்மன் பொறியாளர் நம் பொறியாளர்களுடன் சேர்ந்து வடிவமைத்தார். 1961ஆம் ஆண்டு ஜூன் 17இல் முதல் முறை பறந்தது. ஓட்டியவர் சுரஞ்சன் தாஸ். புது விமானங்களைச் சோதித்து ஓட்டுவது அவர் வேலை. 1970ஆம் ஆண்டு ஜனவரியில் இன்னொரு மாருத்தைச் சோதிக்கும்போது விபத்தில் இறந்தார். அந்தப் பகுதியில் ஒரு சாலைக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள்.

"பாவம்" என்றார் அம்மா. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

"அப்பா, இது ரொம்ப வேகமாப் போகுமா?" என்று மகன் கேட்டான்.

மகள் பதில் சொன்னாள். "இதுக்கு ஒரு குறை இருந்தது தம்பி. உடம்பு நல்ல உடம்பு. இன்ஜின்தான் போதவில்லை."

மாருத் விமானத்தை ஒலியைவிட வேகமாகப் பறக்க வைக்கத்தான் திட்டம். அதற்குப் பெரிய இன்ஜின் தேவை. பிரிட்டனில் ஒரு கம்பெனி செய்வதாக இருந்தது. அது நடக்கவில்லை. எகிப்து நாட்டோடு சேர்ந்து முயன்றார்கள். அதுவும் கைகூடவில்லை. கடைசியில் சின்ன இன்ஜின் இரண்டைப் பொருத்தினார்கள். அந்த இன்ஜினோடுதான் 1971 போரில் ராஜஸ்தான் எல்லையில் மாருத் பறந்தது. நன்றாகவே போரிட்டது. மொத்தம் 147 விமானங்கள் செய்தார்கள். ஆனால் நினைத்த வேகத்தை அது எட்டவே இல்லை. 1990ஆம் ஆண்டுக்குள் அதை ஓய்வு பெற வைத்துவிட்டார்கள்.

அப்பா விமானத்தைச் சுற்றி வந்தார். "5 குதிரைச் சக்தி மோட்டார் வேண்டிய கிணற்றில் 3 குதிரைச் சக்தி மோட்டாரை இறக்கின மாதிரி" என்றார். "தண்ணீர் வரும். ஆனால் வயல் முழுக்கப் பாயாது."

"இப்போ பறக்கிற தேஜஸுக்கு யார் இன்ஜின்?" என்று கேட்டார்.

"அமெரிக்கா இன்ஜின் அப்பா."

தேஜஸ் 2001ஆம் ஆண்டு ஜனவரி 4இல் முதல் முறை பறந்தது. அதற்காகக் காவேரி என்ற பெயரில் சொந்த இன்ஜின் செய்ய முயன்றார்கள். பல வருடம் உழைத்தும் தேஜஸுக்கு வேண்டிய பலம் அதற்கு வரவில்லை. அதனால் இன்ஜினை அமெரிக்காவிலிருந்து வாங்குகிறோம். சில வருடங்களுக்கு முன் அங்கிருந்து இன்ஜின் வரத் தாமதமானது. இங்கே புதிய தேஜஸ் விமானங்களின் வேலையும் தாமதமானது.

அம்மாயி தலையை ஆட்டினார். "அடுத்தவன் கொடுத்தால்தான் உண்டுன்னா அப்படித்தான். முந்தி எனக்குக் கடுதாசி வந்தா, படிச்சுச் சொல்ல ஆள் தேடிப் போவேன். அவங்க வேலை முடிஞ்சு வர்ற வரைக்கும் திண்ணையில உட்கார்ந்திருப்பேன்."

வெட்டி வைத்த இன்ஜின்

கட்டிடத்துக்குள் போனார்கள். ஒரு கூடத்தில் புகைப்படங்கள். இன்னொரு கூடத்தில் இன்ஜின்கள். சில இன்ஜின்களைக் குறுக்கே வெட்டி வைத்திருந்தார்கள். உள்ளே இருப்பது நன்றாகத் தெரிந்தது.

அப்பா அங்கேயே நின்றுவிட்டார்.

ஜெட் இன்ஜின் நான்கு வேலை செய்கிறது.

முதலில், முன்பக்கம் காற்றை இழுக்கிறது.
இரண்டாவது, அந்தக் காற்றை அழுத்துகிறது.
மூன்றாவது, எரிபொருளைக் கலந்து எரிக்கிறது.
நான்காவது, சூடான காற்றைப் பின்னால் தள்ளுகிறது.

காற்று பின்னால் போகிறது. விமானம் முன்னால் போகிறது. ஊதிய பலூனின் வாயைக் கட்டாமல் விட்டால் ஓடுகிறதே, அது போல.

வெளியே போகும் காற்று வழியில் ஒரு சக்கரத்தையும் சுற்றுகிறது. அந்தச் சக்கரத்தில் சின்னச் சின்னத் தகடுகள் வரிசையாக இருக்கும். அந்தச் சக்கரம் சுற்றினால்தான் முன்பக்கம் காற்றை அழுத்தும் பகுதி சுற்றும்.

"இந்தத் தகடுதான் கஷ்டமான வேலை" என்றாள் மகள். "இன்றைய பெரிய இன்ஜின்களில் காற்றின் சூடு, தகடு உருகும் சூட்டையும் தாண்டிவிடும். ஆனாலும் தகடு உருகக் கூடாது. அதனால் தகட்டுக்குள்ளே மெல்லிய துளைகள் வைக்கிறாங்க. துளை வழியாகக் காற்றை ஓட்டிக் குளிர வைக்கிறாங்க. இதை நன்றாகச் செய்யத் தெரிந்த நாடுகள் உலகத்தில் கொஞ்சம்தான்."

அம்மாயி குனிந்து பார்த்தார். வரிசையாகத் தகடுகள். ஒன்று போல மற்றொன்று.

"இதையெல்லாம் மிஷின்தானே செய்யும்?"

"மிஷினும் செய்யும். ஆனால் மிஷினை ஓட்டுறது ஆள்தான். அளந்து பார்க்கிறது ஆள். பொருத்துறதும் ஆள்தான். தலைமுடி அளவு பிசகினாலும் இன்ஜின் அதிரும். ஃபிட்டர் வேலைன்னா அதுதான் அம்மாயி."

அம்மாயி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மெல்லச் சொன்னார்.

"கொப்பரையில பாகு கொதிக்கும். ஒரு நிமிஷம் முந்தினா உருண்டை பிடிக்க வராது. ஒரு நிமிஷம் பிந்தினா கருகிப் போகும். எந்தப் புத்தகத்துலயும் எழுதல. என் கைக்குத்தான் அந்தப் பதம் தெரியும். இதுவும் அப்படித்தான் போல."

"ஆமாம் அத்தை" என்றார் அப்பா. "பதம் தெரிந்த கை வேணும். அந்தக் கை ஆம்பளைக் கையா பொம்பளைக் கையான்னு இரும்புக்குத் தெரியாது."

சொல்லிவிட்டு அவரே மகளைத் திரும்பிப் பார்த்தார்.

பறந்த பெண்கள்

வெளியே மிக்-21 என்ற போர் விமானம் நின்றது. ரஷ்யர்கள் வடிவமைத்தது. 1963ஆம் ஆண்டு நம் விமானப்படையில் சேர்ந்தது. நம் நாட்டிலேயே பல நூறு மிக் விமானங்களைச் செய்தார்கள். 2025ஆம் ஆண்டு செப்டம்பரில் அது ஓய்வு பெற்றது. 62 வருட உழைப்பு.

"இந்த மாதிரி விமானத்தை ஒரு பெண் தனியாக ஓட்டியிருக்காங்க" என்றாள் மகள்.

அது 2018ஆம் ஆண்டு பிப்ரவரி. ஓட்டியவர் அவனி சதுர்வேதி. நம் நாட்டில் போர் விமானத்தைத் தனியாக ஓட்டிய முதல் பெண். அவரும் வேறு இரண்டு பெண்களும் 2016ஆம் ஆண்டில் போர் விமானிகளாகச் சேர்ந்தார்கள். அதற்கு எத்தனையோ காலம் முன்பே, 1936இல், சரளா தக்ரால் என்ற பெண் சேலை கட்டிக்கொண்டு விமானம் ஓட்டினார்.

"சேலையோடவா?" அம்மாவுக்கு ஒரே சிரிப்பு.

மலைக்கு விமானம் எதற்கு?

கொஞ்ச நேரம் மர நிழலில் உட்கார்ந்தார்கள். அம்மாயி ஒரு கேள்வி கேட்டார்.

"சண்டைக்கு விமானம் வேணும். சரி. நம்மளை மாதிரி மலையில இருக்கிற சனத்துக்கு இதனால என்ன?"

மலையில் இருப்பவர்கள் கேட்க வேண்டிய கேள்விதான். இடுக்கியில் மழை பெய்தால் சாலை துண்டாகும். மண் சரியும். பாலக்காட்டில் நெல்லியாம்பதி மலைக்கும் அதே கதி. 2018ஆம் ஆண்டு ஆகஸ்ட் வெள்ளத்தில் கேரளம் முழுவதும் ஹெலிகாப்டர்கள் பறந்தன. கூரைமேல் நின்றவர்களைத் தூக்கிச் சென்றன. சாலை இல்லாத ஊர்களுக்குச் சாப்பாடும் மருந்தும் கொடுத்தன.

2022ஆம் ஆண்டு பிப்ரவரியில் மலம்புழா பக்கம் ஓர் இளைஞர் செங்குத்தான பாறையில் சிக்கிக்கொண்டார். ஹெலிகாப்டர் வந்தது. ஆனால் பாறையை நெருங்க முடியவில்லை. ராணுவ வீரர்கள் கயிறு கட்டி இறங்கி அவரை மீட்டார்கள். பிறகுதான் ஹெலிகாப்டர் அவரை மலை உச்சியிலிருந்து கீழே கொண்டு வந்தது. அங்கே மிஷினும் வேண்டியிருந்தது. மனிதர் கையும் வேண்டியிருந்தது.

இடுக்கியில் வண்டிப்பெரியாறு பக்கம் சத்திரம் என்ற இடம் உண்டு. அங்கே என்.சி.சி. மாணவர்கள் பழகுவதற்காக ஒரு சின்ன ஓடுதளம் அமைத்தார்கள். முதலில் விமானத்தை இறக்க முயன்றபோது முடியவில்லை. 2022ஆம் ஆண்டு டிசம்பர் 1இல் ஒரு சின்ன விமானம் அங்கே இறங்கியது. இடுக்கி மண்ணில் இறங்கிய முதல் விமானம் என்று செய்தித்தாள்கள் எழுதின.

"எங்க மாவட்டத்திலயா?" அம்மாயிக்கு ஆச்சரியம்.

"ஆமாம் அம்மாயி. ஆனால் விமானம் இருந்தால் மட்டும் போதாது. அதைப் பழுது பார்க்க ஆள் வேணும். ஒரு ஆணி தளர்ந்திருந்தாலும் பறக்க விடமாட்டாங்க. ஒவ்வொரு முறையும் சோதிச்சு, நோட்டில் எழுதி, கையெழுத்துப் போட்ட பிறகுதான் விமானம் கிளம்பும்."

"யார் கையெழுத்து?"

"சோதித்துப் பார்த்தவங்க கையெழுத்து."

அம்மாயி அதை நினைத்துப் பார்த்தார். கையெழுத்தின் மதிப்பு அவருக்குத் தெரியும். அறுபது வயது வரை கைநாட்டு வைத்தவர் அவர்.

கடைசித் தேதி

மாலை ஆனது. வண்டி அத்தை வீட்டுக்குக் கிளம்பியது. பெங்களூர் சாலையில் ஒரே நெரிசல். மகன் அம்மா மடியில் தூங்கிவிட்டான்.

அம்மாயி ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். வெகுநேரம் பேசவில்லை.

பிறகு கேட்டார்: "மாப்பிள்ளை, அந்த ஐ.டி.ஐ. எங்கே இருக்கு?"

"மலம்புழாவில் இருக்கு அத்தை. பஸ்ஸில் போய் வரலாம்."

"பொம்பளப் புள்ளைங்க படிக்குதா?"

"படிக்கிறாங்க."

"படிச்சு முடிச்சா, நாம பார்த்தோமே, அந்தக் கம்பெனியில வேலை கிடைக்குமா?"

அப்பா உண்மையைச் சொன்னார். "கிடைக்கும்னு உறுதியாச் சொல்ல முடியாது. ஐ.டி.ஐ. முடிச்சவங்களை அங்கே தொழில் பழக எடுக்கிறாங்க. போட்டி அதிகம். கிடைக்கலைன்னா வேறு தொழிற்சாலை இருக்கு. கஞ்சிக்கோட்டில் இருக்கு. கோயம்புத்தூரில் இருக்கு. எதுவும் இல்லைன்னா என் பட்டறை இருக்கு. கைத்தொழில் கையை விட்டுப் போகாது."

அம்மா சொன்னார்: "ஊர் பேசும்னு நீதானே சொன்னே அம்மா?"

"பேசட்டும்" என்றார் அம்மாயி. "நான் முதல்முதலா ஆலைக்குப் போனப்பவும் ஊரு பேசுச்சு. வெல்லம் வாங்க வந்தப்ப மட்டும் யாரும் பேசல."

எல்லோரும் சிரித்தார்கள்.

அம்மாயி பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தப் படிவத்துக்குக் கடைசித் தேதி என்னைக்கு, கண்ணு?"

தெரிந்துகொள்வோம்

அருங்காட்சியகம்: பழைய பொருள்களைக் காத்து வைத்துக் காட்டும் இடம்.
ஓடுதளம்: விமானம் ஓடி ஏறுவதற்கும் இறங்குவதற்கும் உள்ள பாதை.
குதிரைச் சக்தி: இன்ஜினின் பலத்தைச் சொல்லும் அளவு.
ஃபிட்டர்: உலோகப் பாகங்களை அளந்து, தேய்த்து, பொருத்தும் தொழிலாளி.

செய்து பார்ப்போம்

ஒரு தாளை எடுங்கள். இரண்டு விரல் அகலத்துக்கு நீளமாகக் கிழியுங்கள். ஒரு முனையை உதட்டுக்குக் கீழே பிடியுங்கள். மறுமுனை தொங்கட்டும். தாளின் மேல்பக்கமாக ஊதுங்கள். தாள் என்ன ஆகிறது?

கூடிப் பேசுவோம்

1. காற்று வீசாத நாளிலும் விமானம் எப்படி மேலே எழும்புகிறது?
2. மாருத் விமானம் நினைத்த வேகத்தில் பறக்கவில்லை. ஏன்?
3. அம்மாயி பாகு பதத்தையும் இன்ஜின் வேலையையும் ஒப்பிட்டார். உங்கள் கைக்குத் தெரிந்த பதம் எது?
4. பெண்கள் செய்யக்கூடாது என்று உங்கள் ஊரில் சொல்லும் வேலைகள் எவை? அது சரியா?
5. உங்கள் ஊருக்குப் பக்கத்தில் உள்ள ஐ.டி.ஐ.யில் என்னென்ன தொழில் கற்றுத் தருகிறார்கள்? விசாரித்து எழுதுங்கள்.